ஹாலிபட் பயணம்: நார்வேக்குப் போவதா, அலாஸ்காவுக்குப் போவதா?

ஹாலிபட் பிடிக்க வெளிநாடு போகலாம் என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே பெரிய மீன் கிடைக்கும்? நானும் அதைத்தான் கேட்டேன். இரண்டு பக்கமும் போய் வந்த பிறகு அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். இப்போது யாராவது ஆலோசனை கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "படகை யார் ஓட்டப் போகிறார்கள்? நீங்களா, வேறொருவரா?" என்பதுதான். அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் நாடு, மாதம், செலவு, கொண்டுவரும் மீன் எல்லாம் ஒவ்வொன்றாக அதன் பின்னால் வந்து நிற்கும்.

மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தட்டை மீன்களிலேயே மிகப் பெரியது ஹாலிபட். நம் நாக்கு மீனுக்குத் தூரத்து உறவு. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர இடது கண் தலையைச் சுற்றி வலப்பக்கம் வந்துவிடும். அதன் பிறகு கண்ணுள்ள பக்கம் மேலாகவும் வெள்ளைப் பக்கம் தரையிலுமாக மணலோடு மணலாகக் கிடக்கும். கிடக்கிற கோலத்தைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைத்துவிட வேண்டாம். இரை கண்ணில் பட்டால் தரையை விட்டு எழுந்து துரத்தும், படகுக்கு அடியிலேயே வந்து கவ்வும்.

இனம் இரண்டு. நார்வே பக்கம் இருப்பது அட்லாண்டிக் ஹாலிபட். அலாஸ்காவிலும் கனடாவின் மேற்குக் கரையிலும் இருப்பது பசிபிக் ஹாலிபட். தூண்டிலில் பிடித்த மீன்களுக்கான உலகப் பதிவேட்டில் பசிபிக் இனத்தின் சாதனை 459 பவுண்டு, ஏறக்குறைய 208 கிலோ. 1996இல் அலாஸ்காவின் டச்சு ஹார்பரில் பிடித்தது. அட்லாண்டிக் இனத்துக்கு 190 கிலோ. 2004இல் நார்வேயில் பிடித்தது. ஆக, மலைக்க வைக்கும் மீன் இரண்டு கடலிலும் உண்டு. ஆனால் அலாஸ்காவில் ஒரே வயது மீன் 1980களில் இருந்த அளவுக்கு இப்போது வளர்வதில்லை. சார்ட்டர் படகுகளில், அதாவது கேப்டனோடு சேர்த்து வாடகைக்குக் கிடைக்கும் படகுகளில், அன்றாடம் ஏறுவது பெரும்பாலும் 5 முதல் 15 கிலோ வரையிலான மீன்கள்தான். அங்கே அவற்றைச் செல்லமாகக் 'கோழிகள்' என்பார்கள். பெரியது வந்தால் அது 'கொட்டகைக் கதவு'. சாதனை எண்ணை வைத்து நாட்டைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாந்துதான் திரும்புவார்.

இன்னொரு எச்சரிக்கை. விளம்பரத்தில் 'கிரீன்லாந்து ஹாலிபட்' என்றோ 'கலிபோர்னியா ஹாலிபட்' என்றோ பார்த்தால் கொஞ்சம் நிதானியுங்கள். இரண்டும் வேறு மீன்கள், இவ்வளவு பெரிதாக வளராதவை. ஐஸ்லாந்தையும் இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு காலத்தில் அதன் மேற்கு ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நுழைந்திருக்கும் குறுகிய கடல்) பகுதிக்கு ஹாலிபட்டுக்காகவே ஆட்கள் போனார்கள். மீன்வளம் சரிந்ததால் 2012 முதல் அங்கே ஹாலிபட்டைக் குறிவைத்துப் பிடிக்கத் தடை. தற்செயலாக மாட்டினாலும் உயிரோடு இருப்பதைக் கடலில் விட்டாக வேண்டும். காட் மீனுக்கு ஐஸ்லாந்து அருமையான இடம். இந்த மீனுக்கு இல்லை.

நார்வே: படகு உங்கள் கையில்

நார்வேயில் வழக்கமான ஏற்பாடு இது. கடலோர முகாம் ஒன்றில் ஒரு வாரத்துக்கு ஒரு வீடு, அதோடு ஒரு படகு. படகு பெரும்பாலும் ஆறேழு மீட்டர் நீள அலுமினியப் படகு. அதில் ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரும் கடல்வரைபடக் கருவியும் இருக்கும். முதல் நாள் முகாம்காரர் ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். வரைபடத்தில் நாலைந்து இடங்களைச் சுட்டிக்காட்டுவார். அப்புறம் சாவி உங்கள் கையில்.

கடலில் தூண்டில் போட அங்கே உரிமம் வேண்டாம், கட்டணமும் இல்லை. போகிற இடங்கள் பெரும்பாலும் வட நார்வேயில்: லோஃபோட்டன், வெஸ்டரோலன், சென்யா தீவு, இன்னும் மேலே சோரோயா. ஓஸ்லோவில் இறங்கி பூடோ, டிரோம்சோ, ஆல்ட்டா மாதிரி ஓர் ஊருக்கு உள்நாட்டு விமானம், அங்கிருந்து காரோ ஃபெரியோ. மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். குளிர்காலத்தில் முட்டையிட ஆழத்துக்குப் போகும் மீன், கோடையில் இரை தேடி ஆழமில்லாத மணல் திட்டுகளுக்கு ஏறி வரும். 15, 20 மீட்டர் தண்ணீரிலேயே பெரிய மீன் கிடைப்பது இதனால்தான். டிரோம்சோ பக்கம் மே 20 வாக்கிலிருந்து ஜூலை 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. இதன் அருமை அங்கே போனால்தான் புரியும். பகலெல்லாம் காற்றடித்துக் கரையில் உட்கார்ந்திருந்தாலும், இரவு பதினொரு மணிக்குக் காற்று ஓய்ந்ததும் கிளம்பிப் போய் மூன்று மணி வரை தூண்டில் போடலாம்.

எங்களுக்கும் அப்படித்தான் நடந்தது. முதல் இரண்டு நாள் காற்று. முகாமை விட்டு அசைய முடியவில்லை. மூன்றாம் நாள் இரவில் போனோம். நீரோட்டம் படகை மெதுவாக, ஒரு நாட் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவாக, மணல் திட்டின் மேல் தள்ளிக்கொண்டு போயிற்று. எக்கோ சவுண்டரில் 22 மீட்டர். கையளவு நீளமுள்ள ரப்பர் மீனைத் தரை தொடவிட்டு, ரீலை இரண்டு சுற்று சுற்றி, அந்த உயரத்திலேயே வைத்திருந்தேன். கவ்வியதுகூடத் தெரியவில்லை, தூண்டில் நரம்பு சட்டென்று கனத்தது, அவ்வளவுதான். பாறையில் மாட்டிவிட்டது என்று நினைத்தேன். பாறை தலையை ஆட்டியது. அப்புறம் ஆச்சரியமாக, எதிர்ப்பே இல்லாமல் பின்னாலேயே மேலே வந்தது. பழுப்பு நிறத்தில் ஒரு கதவு தண்ணீருக்கடியில் மிதந்து வருவதுபோல இருந்தது. படகின் நிழலைப் பார்த்ததோ என்னவோ, வாலை ஒரே அடி அடித்துக் கீழே பாய்ந்தது; ரீல் கத்த ஆரம்பித்தது. ஹாலிபட் எல்லாமே இப்படித்தான்: மேலே வந்த பிறகுதான் சண்டையே தொடங்கும். அந்த நேரத்தில் ரீலின் பிரேக்கை இறுக்கியவர்கள்தான் மீனை இழப்பார்கள்.

அது 112 சென்டிமீட்டர். நார்வேயில் ஹாலிபட்டின் குறைந்தபட்ச அளவு 84 சென்டிமீட்டர். அதற்குக் கீழே இருந்தால் விட வேண்டும். 2017இல் மேல் வரம்பு ஒன்றும் கொண்டுவந்தார்கள்: 2 மீட்டரைத் தாண்டிய மீனையும் விட வேண்டும். அந்த அளவு மீன் 100 கிலோவைத் தாண்டியிருக்கும், கிட்டத்தட்ட நிச்சயமாகப் பெண்ணாக இருக்கும். ஆண் அவ்வளவு வளர்வதில்லை. அத்தனை வருடம் வாழ்ந்த மீனின் உடம்பில் பாதரசம் போன்றவையும் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். இனப்பெருக்கத்துக்கு அது கடலில் இருப்பதே நல்லது, தட்டுக்கும் அது நல்லதில்லை. இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய மீனைப் படகோரத்தில் வைத்தே அளந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அது தானே கீழே இறங்கிப் போவதைப் பார்ப்பதைவிட வேறு என்ன வேண்டும்?

இனி குறைகள். காற்று உங்கள் வாரத்தில் பாதியைத் தின்றுவிடலாம். படகை ஓட்டத் தெரிந்தவர் ஒருவராவது குழுவில் இருந்தே ஆக வேண்டும். நார்வேயில் 1980 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர்கள் 25 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட இன்ஜின் உள்ள படகை ஓட்டச் சான்றிதழ் வேண்டும் என்று சட்டம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் எந்தச் சான்றிதழைக் கேட்பார்கள் என்பதை முகாமிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 8 மீட்டருக்குக் குறைவான படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கியைக் கழற்றக் கூடாது. இது சட்டத்துக்காகச் சொல்வதில்லை. கோடையிலும் அந்தத் தண்ணீர் பத்து டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். விழுந்தவருக்கு நிமிடக் கணக்குதான்.

துள்ளுகிற ஹாலிபட்டை அப்படியே படகுக்குள் இழுத்துப் போடவும் கூடாது. முப்பது கிலோ மீன் வாலால் அடித்தால் கால் எலும்பு முறியும். வைத்துக்கொள்ளப்போகிற மீன் என்றால் படகோரத்திலேயே வாலில் கயிற்றுச் சுருக்குப் போட்டுக் கட்டி, செவுளை அறுத்து, இரத்தம் வடிந்து அடங்கிய பிறகு ஏற்ற வேண்டும். அப்படிச் செய்த மீனின் சதை வெள்ளை வெளேரென்று இருக்கும்.

அலாஸ்கா: படகு கேப்டன் கையில்

அலாஸ்காவில் பெரும்பாலானோர் போவது சார்ட்டர் படகில். ஆங்கரேஜில் இறங்கினால் சுவர்டு 200 கிலோமீட்டர், ஹோமர் சுமார் 355 கிலோமீட்டர். இரண்டுக்கும் நல்ல சாலை உண்டு. ஹோமர் தன்னை உலகின் ஹாலிபட் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர். கச்சிமாக் விரிகுடாவுக்குள் ஏழு கிலோமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் நாக்கு ஒன்றில் அதன் படகுத்துறை இருக்கிறது. காலையில் ஆறு மணிக்குப் போய் நின்றால் போதும். தூண்டில், இரை, ஈயக்குண்டு எல்லாம் படகில் இருக்கும். கேப்டன் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நங்கூரம் போடுவார்.

அங்கே மீன்பிடிக்கும் விதமே வேறு. ஓடும் படகிலிருந்து ரப்பர் மீனைக் காட்டுவதற்குப் பதில், நின்ற படகிலிருந்து ஹெர்ரிங் மீனை வளைமுள்ளில் (நுனி உள்நோக்கி வளைந்த தூண்டில் முள்) கோத்து, ஒரு கிலோ, சில நேரம் அதற்கும் மேலான ஈயக்குண்டோடு தரையில் வைப்பது. வாசனை நீரோட்டத்தோடு போக, மீன் தேடிக்கொண்டு வரும். ஏற்றவற்றம் மிகப் பெரிய இடம் அது. நீர் முழு வேகத்தில் ஓடும்போது கனமான ஈயமும் தரையில் நிற்காது. நீர் நின்று திரும்புகிற ஒரு மணி நேரத்தைச் சுற்றித்தான் அன்றைய மீன் முழுதும். வளைமுள்ளுக்கு ஒரு பழக்கம் வேண்டும்: மீன் கவ்வியதும் கோலை வெட்டி இழுக்கக் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு பொறுத்திருந்தால் முள் தானே வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். சிறு வயதிலிருந்து தூண்டில் போட்டவர்களுக்குத்தான் இது கஷ்டம். என் பக்கத்தில் நின்ற, தூண்டிலையே அன்றுதான் முதலில் தொட்ட ஒரு அம்மா, நான் ஒன்று பிடிப்பதற்குள் இரண்டு பிடித்துவிட்டார்.

அலாஸ்காவின் பலம் இதுதான். ஒரே ஒரு நாள் இருந்தாலும், ஒன்றும் தெரியாவிட்டாலும், மீனோடு திரும்ப மிக நல்ல வாய்ப்பு உண்டு. கரைக்கு வந்ததும் படகு ஊழியர் மேசையில் போட்டு, நாலு வெட்டில் நாலு துண்டமாக எடுத்துக் கொடுப்பார். பக்கத்திலேயே காற்றுநீக்கிப் பொதிந்து உறையவைத்துப் பெட்டியில் போட்டுத் தரும் கடைகள் இருக்கும்.

உரிமம் கட்டாயம். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர், மூன்று நாளைக்கு 30, ஏழு நாளைக்கு 45, பதினாலு நாளைக்கு 75, இணையத்திலேயே வாங்கலாம். குழப்பம் வருவது அளவு விதிகளில்தான். 1923இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு அமைத்த பன்னாட்டு பசிபிக் ஹாலிபட் ஆணையம் ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் கூடி எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்யும். அதற்கேற்ப சார்ட்டர் விதிகள் வருடா வருடம் மாறும். ஆணையம் பிரித்திருக்கும் கடல் பகுதிகளில் ஹோமர், சுவர்டு எல்லாம் 3ஏ பகுதி: வழக்கமாக ஒருவருக்கு நாளுக்கு இரண்டு மீன், அதில் ஒன்று சிறியதாக இருக்க வேண்டும். சிட்கா, ஜூனோ இருக்கும் தென்கிழக்கு 2சி பகுதி: நாளுக்கு ஒன்றுதான். அதுவும் ஒரு கீழ் வரம்புக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மேல் வரம்பைத் தாண்ட வேண்டும். நடுவில் இருப்பதை விட வேண்டும். அந்த மேல் வரம்பு பல வருடங்களாக 80 அங்குலம், ஏறக்குறைய 2 மீட்டர்.

நார்வேயோடு வைத்துப் பாருங்கள். என் 112 சென்டிமீட்டர் மீனை நார்வேயில் வைத்துக்கொள்ளலாம். 2சி பகுதி சார்ட்டர் படகில் பிடித்திருந்தால் பல வருடங்களின் விதிப்படி விட்டிருக்க வேண்டும். 2 மீட்டர் 10 சென்டிமீட்டர் மீன் என்றால் தலைகீழ்: நார்வேயில் விட வேண்டும், அங்கே வைத்துக்கொள்ளலாம். எந்த அளவு மீனை வீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிறீர்கள் என்பதும் நாட்டைத் தீர்மானிக்கும்.

இதில் இன்னொன்றும் உண்டு. அலாஸ்காவிலேயே வழிகாட்டி இல்லாமல் நீங்களே படகோட்டிப் பிடித்தால் நாளுக்கு இரண்டு மீன், அளவு வரம்பு கிடையாது. அதே கடல், அதே நாள், பக்கத்துப் படகு. கேப்டன் இருக்கிறாரா இல்லையா என்பதை வைத்தே சட்டம் மாறுகிறது. படகை யார் ஓட்டுவது என்று முதலில் கேட்டது வீணில்லை. தென்கிழக்கு அலாஸ்காவில் வாடகைப் படகு கொடுக்கும் விடுதிகள் சில உண்டு. ஆனால் மூடுபனி, ஏற்றவற்றம், பாறை எல்லாம் அறிந்தவர்களுக்குத்தான் நான் அதைச் சொல்வேன்.

3ஏ பகுதியில் கிழமைத் தடையும் இருக்கிறது. வாரத்தில் சில நாட்கள், பெரும்பாலும் செவ்வாய் அல்லது புதன், சார்ட்டர் படகுகள் ஹாலிபட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. நான் முன்பதிவு செய்த ஒரு படகுக்காரர் இதைச் சொல்லவே இல்லை. பணம் கட்டி, அவ்வளவு தூரம் போய், காலையில் துறையில் நிற்கும்போதுதான் "இன்று பாறைமீன்தான்" என்றார்கள். நாள் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்காகவா அங்கே போனேன்? தேதி கொடுப்பதற்கு முன் அந்த வருடத் தடை நாட்களைக் கேட்டுவிடுங்கள்.

நடுவில் ஒரு வழி: பிரிட்டிஷ் கொலம்பியா

கனடாவின் ஹைடா குவாய் தீவுகள், பிரின்ஸ் ரூப்பர்ட், வான்கூவர் தீவின் மேற்குக் கரை ஆகியவற்றில் ஹாலிபட்டும் சால்மனும் ஒரே பயணத்தில் கிடைக்கும். நல்ல விடுதிகள் உண்டு, உடன் வழிகாட்டியும் வருவார். கடல்நீர் உரிமம் வாங்க வேண்டும், பிடித்த ஹாலிபட்டின் நீளத்தை உடனே அதில் பதிய வேண்டும், அளவு வரம்பை வருடா வருடம் அறிவிப்பார்கள். குழுவில் பாதிப் பேருக்குச் சால்மன்தான் ஆசை என்றால் இது சரியான தேர்வு. ஹாலிபட் ஒன்றே குறி என்றால் மற்ற இரண்டில் ஒன்றைத்தான் பார்ப்பேன்.

மீனைக் கொண்டுவருவது, செலவு

நார்வேயை விட்டு மீனைக் கொண்டுபோவதற்கு வரம்பு இருக்கிறது. முன்பு 20 கிலோ. 2021இல் அதை ஒருவருக்கு 18 கிலோ, வருடத்துக்கு இரண்டு முறை என்று மாற்றினார்கள். அதுவும் அரசிடம் பதிவு செய்த முகாமில் தங்கிப் பிடித்து, அவர்கள் தரும் சான்று கையில் இருந்தால்தான். எல்லையில் உண்மையிலேயே நிறுத்திப் பெட்டியைத் திறந்து நிறுக்கிறார்கள். இந்த வரம்பும் அளவு விதிகளும் மாறிக்கொண்டே வந்தவை. கிளம்புகிற மாதத்தில் நார்வே மீன்வளத்துறையின் பக்கத்தை மறுபடி பார்த்துவிடுங்கள். மீனின் எடையில் பாதியளவு துண்டமாகும் என்று வைத்தால், ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டிய மீன் இரண்டு பிடித்தாலே உங்கள் பங்கு முடிந்தது. அதற்கு மேல் பிடிப்பதெல்லாம் விடுவதற்காக என்ற மனத்தோடு போக வேண்டும். முள் ஒன்று போதும், மும்முனை முள் வேண்டாம்.

அலாஸ்காவிலிருந்து எடை வரம்பைவிட விமானப் பெட்டியின் கனம்தான் பிரச்சினை. 50 பவுண்டு, அதாவது 23 கிலோ வரை ஒரு பெட்டி என்பது வழக்கமான கணக்கு. எந்த நாட்டிலிருந்து கொண்டுவந்தாலும் நீங்கள் இறங்கும் நாடு மீனை உள்ளே விடுமா என்பதை முதலில் பாருங்கள். நடுவில் விமானம் மாறும் நேரம் நீளமென்றால் மீன் ஆசையையே விட்டுவிட்டு, அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வருவது மேல்.

செலவின் வடிவம் இரண்டிலும் வேறு. நார்வேயில் வீடும் படகும் வாரத்துக்கு ஒரே தொகை. நாலு பேர் பகிர்ந்தால் தலைக்குக் குறையும், தனியாகப் போனால் தாங்காது. பெட்ரோலும் மளிகையும் தனி, இரண்டும் அங்கே விலை அதிகம். அலாஸ்காவில் தலைக்கு, நாளுக்கு என்று கணக்கு. அதற்கு மேல் ஊழியருக்குக் கொடுக்கும் அன்பளிப்பு, மீனைப் பொதிவதற்குப் பவுண்டு கணக்கில் கூலி. ஒருவரோ இருவரோ இரண்டு நாள் பிடித்தால் அலாஸ்கா சிக்கனம். நாலு பேர் ஏழு நாள் பிடித்தால் நார்வே சிக்கனம். விசாவையும் மறக்க வேண்டாம். நார்வே, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் வருகிறது; அமெரிக்க விசாவுக்கு நேர்காணல் தேதிக்கே மாதக் கணக்கில் காத்திருக்க நேரலாம். என் நண்பர் ஒருவருக்கு அதுவே முடிவு செய்துவிட்டது.

சரி, என் முடிவு என்ன? முதல் தடவை போகிறவர், குடும்பத்தோடு போகிறவர், கடலில் ஒரு நாள் இரண்டு நாள்தான் முடியும் என்கிறவர் எல்லோரும் ஹோமருக்குப் போங்கள். அங்கே கேப்டனின் இருபது வருட அனுபவம் ஒரு நாள் உங்களுக்காக வேலை செய்யும். படகோட்டத் தெரிந்த ஒருவர், பொறுமையுள்ள மூன்று பேர், முழுதாக ஒரு வாரம் கையில் இருந்தால் நார்வே. அங்கே மீன் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் எந்தத் திட்டில், எந்த நீரோட்டத்தில் மீன் நிற்கும் என்று நீங்களே தேடிக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

நான் அடுத்த வருடம் மறுபடி நார்வேக்குத்தான். ஜூன் கடைசி வாரம், அதே முகாம், அதே மணல் திட்டு. முகாமுக்கு எழுதிய முதல் கடிதத்தில் மூன்றே கேள்விகள் கேட்டிருக்கிறேன்: பதிவு செய்த முகாம்தானா, இந்த வருட அளவு வரம்பு என்ன, மேற்குக் காற்று அடித்தால் ஒதுங்கி மீன்பிடிக்க உள்பக்கத்தில் இடம் உண்டா? மூன்றாவது கேள்விக்கு முகாம்காரர் ஒரு வரைபடத்தையே அனுப்பியிருக்கிறார், ஆறு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு.